கணக்கு வகுப்பில் கிரியையும் ஞானமும்

1825-ஆம் வருஷத்தில் சென்னையில் அச்சேறிய ‘கால சங்கலித’ என்னும் ஆங்கில நூலின் ஆசிரியரும், அதற்கு முன்னர்ச் சில ஆண்டுகள் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை வகித்தவருமான ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதிவைத்த செய்தி, குழந்தைகளின் கல்வியில் அக்கறை கொண்டோர் யாவரும் நின்று சிந்திக்கத் தக்கதாகும். அந்தக் கணிதர், தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், தாம் மனப்பாடமாகக் கொண்டிருந்த வாக்கியங்களின் எழுத்துகளிலிருந்து எண்களை வருவித்தும், அவ்வாண்டு மே மாதம் 31-ஆம் தேதி இரவு நேர்ந்த சந்திர கிரகணத்தின் தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் கணித்துக் காட்டினார். பண்டைக் கணித வரலாற்றை ஆராய்ந்த ஓட்டோ நியூகபவர், 1952-இல் இச்செய்தியை மீண்டும் எடுத்து வியந்து எழுதினார். கிரகணத்தின் நடுவுக்கும் முடிவுக்கும் சொன்ன வேளைகளில் பிழை மிகுந்திருந்தபோதிலும், தொடக்க வேளையில் வந்த பிழை நான்கு நிமிஷ அளவினதே. ஆயினும், வானநூற் சித்தாந்தங்களின் கருத்து அம்மனிதருக்குச் சற்றும் தெரியாது என்பதையும் வாரன் பதிவு செய்திருக்கிறார். அவரிடம் இருந்தவை கூரிய ஞாபக சக்தியும், செய்கைகளைக் கிரமம் பிறழாமல் நிறைவேற்றும் திறமுமே. அப்படியானால், கிரகணத்தின் வேளையைச் சொல்ல வல்ல அவர், கிரகணத்தை அறிந்தவரா, அல்லரா?

இவ்வினா நம் நாட்டுத் தத்துவ வாதங்களுக்குப் புதியதன்று. கர்மத்தால் முக்தியா, ஞானத்தால் முக்தியா என்று மீமாம்ஸகரும் வேதாந்திகளும் நூற்றாண்டுக் கணக்காக நடத்திய வழக்கு இதுவே. அந்த வழக்கு இப்பொழுது ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடத்திற்கு வந்திருக்கிறது என்று நான் சொன்னால், மிகைப்படுத்துவதாகச் சிலர் கருதக்கூடும், கருதாதிருக்குமாறு வேண்டுகிறேன். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதத்தோடு கணிமுறைச் சிந்தனை என்பதையும் சேர்த்து, தொடக்க நிலையிலிருந்தே பள்ளி வாழ்க்கை முழுவதிலும் அவ்விரண்டுக்கும் அதிக முக்கியத்துவம் தரப்பட வேண்டும் என்று விதித்தது. அதற்கு முன்பே, தமிழ்நாட்டின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான கணக்குப் புத்தகங்களில் ‘தகவல் செயலாக்கம்’ என்ற பெயரில் ஓர் இயல் இடம்பெற்று, முறைப்படி பட்டியலிடுதல், பாய்வுப்படம் வரைதல் முதலியவற்றைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தி வந்திருக்கிறது. கணிமுறைச் சிந்தனை என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பியது, ஜெனட் விங் என்னும் கணினியியல் பேராசிரியை 2006-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை. இதை முதன்முதலிற் குழந்தைகளுக்காகக் கனவு கண்டவரோ, தென்னாப்பிரிக்காவிற் பிறந்து, ஜெனீவாவில் பியாஜேயோடு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து, பின்னர் அமெரிக்காவிற் பணிபுரிந்த சீமோர் பேப்பர்ட்.

பெரிய காரியம் ஒன்றைச் சிறு காரியங்களாகப் பகுத்தல், வெவ்வேறாகத் தோன்றுவனவற்றினுள் பொதுவான அமைப்பைக் காணல், வேண்டாதவற்றை நீக்கி வேண்டியதை மட்டும் நிறுத்தல், இறுதியாக, அறிவே இல்லாத ஒரு கருவியும் ஐயத்துக்கு இடமின்றி நிறைவேற்றத் தக்க வகையில் படிகளை ஒழுங்குபடுத்தல் ஆகிய நான்கும் இச்சிந்தனையின் உறுப்புகள் எனப்படுகின்றன. முதல் மூன்றைக் குறித்து எவருக்கும் ஆக்ஷேபம் இருக்க நியாயமில்லை. நல்ல கணக்கு உபாத்தியாயர் எக்காலத்திலும் அவற்றையே கற்பித்து வந்திருக்கிறார். நான்காவதிலேதான் சங்கடம் தொடங்குகிறது. அறிவில்லாத பொருளும் செய்யத் தக்கதாக ஒன்றைப் பக்குவப்படுத்தப் பழகுவதால், அறிவுள்ள குழந்தைக்கு வரும் லாபம் என்ன? யந்திரத்துக்குக் கட்டளையிடப் பழகிப் பழகி அதன் மனமும் யந்திரத்தின் சாயலை அடைந்துவிடாதா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை உரத்த குரலில் ஒப்பித்த சிறுவர்கள், கீழ்வாயிலக்கத்தையும் மேல்வாயிலக்கத்தையும் தடையின்றிச் சொல்ல வல்லவராயினும், ஏன் அவ்வாறு வருகிறது என்று கேட்டால் விழித்து நின்றதை நினைவூட்டி, அந்த மனப்பாடக் கல்வியே புதிய வேஷத்தில் திரும்புகிறதென்று அஞ்சுவோரும் இருக்கின்றனர். அவர்களுடைய அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை.

முதலில், செய்முறையின் பக்கத்து வாதத்தை அதற்குரிய கௌரவத்தோடு கேட்க வேண்டும். வேள்விகளின் விதிகளை ஆராய்ந்த பூர்வ மீமாம்ஸகர்களைப் போல, ஒரு செய்கையின் உள்ளமைப்பை நுணுகி நோக்கியவர்கள் பண்டை உலகில் வேறு எவரேனும் இருந்தனரோ என்பது ஐயமே. எது பிரதானமான காரியம், எவை அதற்கு அங்கங்கள், எந்த அங்கம் எதற்கு முன்னர் நிகழ வேண்டும், ஒன்றுக்கொன்று முரணும் விதிகளுள் எது வலியது என்றெல்லாம் அவர்கள் அத்தியாயம் அத்தியாயமாக விவாதித்தார்கள். தரிச பூர்ணமாசம் என்னும் வேள்வியைப் பிரகிருதியாக வைத்து அதன் படிகள் யாவற்றையும் முற்றக் கூறிவிட்டு, அதன் விகிருதிகளாகிய ஏனைய வேள்விகளுக்கு மாறுபடும் பகுதியை மட்டும் சொல்லி, மற்றவை முன்னதிலிருந்தே வந்து சேரும் என்று கொண்டார்கள். அக்கினிக்கு உரிய மந்திரத்தைச் சூரியனுக்கு உரிய வேள்வியில் ஓதும்பொழுது, அக்கினியின் பெயர் நின்ற இடத்தில் சூரியனின் பெயரை அமைத்துக்கொள்வதற்கு ‘ஊஹம்’ என்று பெயரிட்டு, அதற்கென ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார்கள். இன்று குழந்தை ஒரு செய்முறையை ஒருமுறை எழுதிவைத்து, உள்ளே இடும் எண்ணை மட்டும் மாற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தக் கற்கும்பொழுது, இதே விவேகத்தைத்தான் கற்கிறது.

மீமாம்ஸகருள் பிராபாகரர் ஒருபடி மேலும் சென்றனர். குழந்தை மொழியைக் கற்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு அவர்கள் கூறிய சமாதானம் மிக அழகானது. ஒரு முதியவர் மற்றொருவரைப் பார்த்து, “பசுவைக் கொண்டு வா” என்கிறார். அவர் சென்று பசுவைக் கொண்டு வருகிறார். அருகில் நின்று நோக்கும் குழந்தை, கேட்ட ஓசைக்கும் நிகழ்ந்த செயலுக்கும் உள்ள தொடர்பை ஊகிக்கிறது. பின்னர் “பசுவைக் கட்டு”, “குதிரையைக் கொண்டு வா” என்று சொற்கள் மாறி மாறி வரக் கேட்டு, எச்சொல்லுக்கு எப்பொருள் என்று பிரித்தறிகிறது. கட்டளையும் அதன் நிறைவேற்றமும் இன்றேல் பொருளுணர்ச்சியே பிறவாது என்பது அவர்கள் துணிபு. 1967-இல் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் ‘லோகோ’ என்னும் கணினிமொழியை அமைத்து, பின்னர்த் தரையில் ஊர்ந்து கோடு வரையும் பொறியாமை ஒன்றைக் குழந்தைகளின் ஆணைக்கு உட்படுத்தியபொழுது, பிராபாகரர் சொன்ன அதே காட்சி அரங்கேறிற்று. ஆனால் இம்முறை கட்டளையிட்டது குழந்தை. கேட்டு நிற்கும் இடத்திலிருந்து ஆணையிடும் இடத்துக்கு அதனை உயர்த்தியதே பேப்பர்ட் செய்த பெரும் உபகாரம் என்று நான் கருதுகிறேன்.

வேதாந்தியின் மறுமொழியை இனிக் கேட்போம். சங்கரர், பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் நான்காம் சூத்திரத்தில், செய்கைக்கும் அறிவுக்கும் உள்ள பேதத்தை ஐயமற வகுக்கிறார். செய்கை என்பது கர்த்தாவின் வசப்பட்டது. அதைச் செய்யலாம், செய்யாமல் விடலாம், வேறு விதமாகவும் செய்யலாம். ஆகையால் அதைக் குறித்துக் கட்டளையிடுவதற்கு அர்த்தம் உண்டு. அறிவோ பொருளின் வசப்பட்டது. கட்டையைக் கட்டை என்று காண்பது காண்பவனுடைய விருப்பத்தால் நிகழ்வதன்று. ஆணையால் வருவிக்கக் கூடியதுமன்று. இதனினும் நுட்பமானது அவர் அடுத்துச் செய்யும் பாகுபாடு. மனத்தினால் நிகழ்வதெல்லாம் ஞானம் என்று கொள்ளுதல் கூடாது. சாந்தோக்கியத்தில் விதித்தபடி மனிதனை அக்கினியாகப் பாவித்துத் தியானிப்பது மனத்தின் தொழிலே ஆயினும், விதியினால் ஏவப்பட்டுச் செய்யப்படுவதால் அதுவும் கிரியையே. எதிரே எரியும் நெருப்பை நெருப்பென்று அறிவதுதான் ஞானம்.

நமக்கு வேண்டிய விளக்கு இதுவே. ஒரு செய்முறையைக் கையினால் நடத்துவதைவிட்டு மனத்தினால் நடத்துவதாலேயே அது சிந்தனையாகிவிடாது. நீண்ட வகுத்தலை மனத்துக்குள் விரைந்து முடிக்கும் சிறுவனும், பாய்வுப்படத்தின் கட்டங்களை வரிசை தவறாமல் பின்பற்றும் சிறுமியும் செய்வது மானஸ கிரியை; மெச்சத் தக்க கிரியைதான், எனினும் கிரியையே. பாடத்திட்டத்தில் ‘சிந்தனை’ என்ற சொல்லை அச்சிட்டுவிட்டதனால், வகுப்பில் நிகழ்வது சிந்தனையாக மாறிவிட்டதென்று கொள்வதற்கில்லை. செய்முறையைப் பின்பற்றுவதும், செய்முறையைப் படைப்பதும் ஒன்றல்ல. படைப்பவருக்குப் பொருள் புலப்பட்டிருக்க வேண்டும்.

பேப்பர்ட்டின் ஆமையை ஒரு சமபக்க முக்கோணம் வரையச் செய்யுமாறு குழந்தையிடம் சொல்வோம். முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று அது புத்தகத்தில் படித்திருக்கிறது. ஆகவே, நூறு அடி முன்னே செல், வலப்பக்கம் 60 பாகை திரும்பு, இவ்வாறு மூன்று முறை செய் என்று கட்டளையிடுகிறது. ஆமை முக்கோணம் வரையவில்லை. மூடாத ஓர் உருவத்தை வரைந்துவிட்டு நிற்கிறது. அதே கட்டளையை ஆறு முறை செய்யச் சொன்னாலோ, எதிர்பாராத வகையில் ஓர் அறுகோணம் தோன்றுகிறது. இங்கே குழந்தை மனப்பாடம் செய்திருந்த செய்தி பொய்யன்று. ஆமை திரும்பும் கோணம் அக்கோணமன்று என்பதே அது காணத் தவறியது. தானே எழுந்து தரையில் நடந்து, மூலையில் நின்று, எவ்வளவு திரும்பினால் அடுத்த பக்கத்தை நோக்கலாம் என்று உடலால் உணர்ந்து பார்க்கும்பொழுது, திரும்ப வேண்டியது 120 பாகை என்பதும், மூன்று திருப்பங்களும் சேர்ந்து 360 ஆவதும், சதுரத்திலும் ஐங்கோணத்திலும் எந்தக் குவிந்த உருவத்திலும் சுற்றி வந்து புறப்பட்ட திசையையே நோக்கி நிற்பவர் மொத்தம் ஒரு முழுச்சுற்றே திரும்பியிருப்பார் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குத் தெளிவாகின்றன. எந்தக் கட்டளையும் அத்தெளிவை உண்டாக்கவில்லை. ஆனால் கட்டளை பிழைத்திராவிட்டால் அத்தெளிவு பிறந்திருக்காது. கர்மம் ஞானத்தைப் படைப்பதில்லை, அது தோன்றுவதற்கு மனத்தைப் பக்குவப்படுத்துகிறது என்று வேதாந்திகள் கர்மத்துக்கு அளித்த இடத்தை, இந்த ஆமையின் கதை எனக்குத் தெளிவாக்குவது போல வேறெதுவும் தெளிவாக்கியதில்லை.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பழைய சடங்கில் பிழை நேர்ந்தால் பிராயச்சித்தம் செய்ய வேண்டும். நம் பள்ளிக்கூடங்களிலும் பிழைக்குச் சிவப்பு மையே பரிகாரமாக இருந்து வருகிறது. ஆமையின் பள்ளியிலோ பிழை ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகிறது. எந்தப் படியில், எக்காரணத்தால் தவறியது என்று தேடும் குழந்தைக்கு வெட்கம் இல்லை, பயமும் இல்லை. கணக்கைக் கண்டு நடுங்கிய எத்தனையோ பிள்ளைகளை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வர்.

இனி, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் சந்திக்கும் ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் முறை யூக்ளிடின் ஏழாம் புத்தகத்தில் உள்ளது. கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்முறை பத்தாம் வகுப்பில் ‘யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை’ என்ற பெயரோடு கற்பிக்கப்படுகிறது. 252, 105 என்னும் எண்களை எடுத்துக்கொண்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போனால், 147-ம் 105-ம், 42-ம் 105-ம், 42-ம் 63-ம், 42-ம் 21-ம், 21-ம் 21-ம் என்று வந்து, இரண்டும் சமமான இடத்தில் 21 என்ற விடை கிடைக்கிறது. இதைப் பிழையின்றிச் செய்வதற்கு ஐந்து கழித்தல்கள் தெரிந்தால் போதும். ஆனால் இதன் நியாயம் யாது? இரு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்கும். வித்தியாசத்தையும் சிறிய எண்ணையும் வகுப்பது பெரிய எண்ணையும் வகுக்கும். ஆதலின், ஒவ்வொரு கழித்தலிலும் எண்கள் மாறினாலும் அவற்றின் பொதுக் காரணிகளின் கூட்டம் மாறாமலே நிற்கிறது. மாறுவனவற்றினிடையே மாறாதது ஒன்றைக் காணும் இந்தக் காட்சி, தத்துவ விசாரத்தின் ஆதாரமான காட்சியன்றோ? பதினொரு வயதுக் குழந்தைக்கு அது எட்டாதது என்று சொல்வோர் குழந்தைகளை அறியாதவர்.

இதனோடு, கணினியின் வருகைக்குப் பிறகே பள்ளிக் கணக்கிற்கு வந்து சேர்ந்த வேறொரு வினாவும் இருக்கிறது: இந்தச் செய்முறை முடிவடையும் என்பதற்கு என்ன உறுதி? கையினால் கணக்கிடுபவருக்கு இவ்வினா தோன்றுவதில்லை. களைப்பு வந்தால் அவர் நிறுத்திவிடுவார். களைப்பறியாத யந்திரத்துக்குக் கட்டளையிடுபவர்தான் இதைக் கேட்க வேண்டியவராகிறார். யூக்ளிடின் முறையில் விடை எளிது: எண்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன, ஒன்றுக்குக் கீழே இறங்க இயலாது, ஆகவே எங்கேனும் நின்றே தீர வேண்டும். ஆனால் இவ்விடை அச்செய்முறையின் படிகளுள் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. படிகளை விட்டு விலகி நின்று, அவை முழுவதையும் ஒருங்கே நோக்குபவருக்கே அது கிடைக்கிறது. 1936-இல் ஆலன் டூரிங், எந்தச் செய்முறையைக் கொடுத்தாலும் அது முடியுமா முடியாதா என்று தவறாமல் தீர்மானித்துச் சொல்லவல்ல ஒரே பொதுச் செய்முறை இருக்க இயலாது என்னும் உண்மைக்கு நிரூபணம் தந்தார். இதைக் கொண்டு மனித மனம் யந்திரத்துக்கு மேற்பட்டதென்று நிறுவிவிட்டதாக ஆரவாரிப்பது நியாயமாகாது. மனிதருக்கும் அத்தகைய தவறாத திறமை உண்டென்று எவரும் காட்டவில்லை. ஆயினும், கணிமுறையின் சாஸ்திரமே தன் பிறப்பிலேயே தன் எல்லையையும் சொல்லிவிட்டது என்பது பெரிய விஷயம்; அதனைக் கற்பிப்போர் மறைக்காமல் கற்பிக்க வேண்டிய விஷயமும் ஆகும்.

அதே டூரிங், 1939-இல் கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைன் கணிதத்தின் அடிப்படைகளைப் பற்றி நிகழ்த்திய வகுப்புகளில் அமர்ந்து அவரோடு வாதாடினார். அத்தத்துவ ஞானி, தம் முப்பதுகளில் சில ஆண்டுகள் ஆஸ்திரிய மலைக்கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். இரண்டிரண்டாகக் கூட்டிச் செல் என்று சொல்லப்பட்ட மாணவன், ஆயிரம் வரையில் சரியாகவே எழுதிவந்து, அதற்குமேல் நான்கு நான்காகக் கூட்டி எழுதிவிட்டு, இதுவரை செய்ததையேதான் செய்கிறேன் என்று சாதித்தால், அவனை எதைக் காட்டி மறுப்பது என்று பிற்காலத்தில் அவர் எழுப்பிய வினா, வகுப்பறையிற் காலம் கழித்தவருக்கே தோன்றக் கூடியது. எந்த விதியும் தன்னைப் பிரயோகிக்க வேண்டிய முறையைத் தானே முற்றச் சொல்லிவிடுவதில்லை. விதிக்கு மற்றொரு விதி, அதற்கு வேறொரு விதி என்று போனால் முடிவே இராது. எங்கோ ஓரிடத்தில், ஆசிரியரும் மாணவரும் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கை அவ்விதியைத் தாங்கி நிற்கிறது. ஆசிரியரை நீக்கிவிட்டுக் கணினியை மட்டும் குழந்தையின் முன் நிறுத்தினால் போதுமென்று எண்ணுவோர் இவ்வினாவுக்கு விடை கூறிவிட்டு மேலே செல்ல வேண்டும்.

நியாயத்தைப் பிரிந்த செய்முறைக்கு என்ன நேர்கிறது என்பதற்குப் பஞ்சாங்கமே சாட்சி. புதுச்சேரிக் கணிதர் கைக்கொண்ட வாக்கிய முறை இன்றும் வழக்கில் இருக்கிறது; திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி வாக்கிய பஞ்சாங்கப்படியே கொண்டாடப்படுகிறது; திருக்கணித பஞ்சாங்கமோ அதே பெயர்ச்சிக்கு வேறு தேதியைச் சொல்கிறது. பக்தர்கள் பரம்பரை வழக்கைப் போற்றுவதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வழிபாட்டின் வேளைக்கு மரபே பிரமாணமாக இருக்கலாம். ஆனால் வானத்தைக் குறித்த கூற்றுக்கு வானமே பிரமாணம் என்பதை அம்மரபின் பேராசிரியர்களே அறிந்திருந்தார்கள். கேரளத்து வடசேரிப் பரமேசுவரர், தம் நீண்ட வாழ்நாளில் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரிற் கண்டு கணக்கோடு ஒப்பிட்டு, பழைய அளவைகளைத் திருத்தி, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற பெயராலேயே ஒரு நூலை இயற்றினார். அவருடைய சிஷ்ய பரம்பரையில் வந்த ஜேஷ்டதேவர், பதினாறாம் நூற்றாண்டில், கணிதச் செய்முறைகளுக்கெல்லாம் யுக்தியை, அதாவது ஏன் அவ்வாறு செய்கிறோம் என்னும் நியாயத்தை, விரித்துரைக்கும் ‘யுக்திபாஷா’வை எழுதினார், அதையும் சாஸ்திர மொழியான ஸம்ஸ்கிருதத்தில் எழுதாமல், தம் நாட்டார் பேசும் மலையாளத்தில் எழுதினார். சந்திர வாக்கியங்களை மனப்பாடம் செய்வித்த அதே மரபு, அவற்றைத் திருத்தும் உரிமையையும் அவற்றின் காரணத்தைக் கேட்கும் உரிமையையும் தன் வித்தியார்த்திகளுக்கு ஒரு காலத்தில் வழங்கியிருந்தது. புதுச்சேரிக் கணிதரிடம் வந்து சேர்ந்தவை வாக்கியங்கள் மட்டுமே. யுக்தி வழியிலேயே எங்கோ நின்றுபோயிற்று. அது அவருடைய குற்றமன்று.

ஆகையால், கணிமுறைச் சிந்தனை பள்ளிக் கணக்கிற்கு வரட்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது வரவேண்டிய இடத்தைப் பற்றி எனக்கு ஒரு முறையீடு உண்டு. நம் புத்தகங்களில் ‘தகவல் செயலாக்கம்’ பெரும்பாலும் கடைசி இயலாக அமைந்திருக்கிறது. ஆண்டு முடிவின் அவசரத்தில், பரீட்சைக்கு வரக்கூடிய இரண்டு மாதிரிக் கணக்குகளை மட்டும் செய்துவிட்டுக் கடந்து செல்வதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை. காரணிகளைக் கற்பிக்கும் அன்றைக்கே, காரணி காணும் முறையைத் தன் சொற்களில் எழுதிப் பக்கத்திலிருக்கும் தோழனிடம் கொடுத்து, அவன் அதில் எழுதியிருப்பதற்கு மேல் எதையும் ஊகிக்காமல் அப்படியே செய்து பார்க்கும்படி குழந்தைகளை ஏவலாம். அதற்குக் கணினி வேண்டுவதில்லை, மின்சாரமும் வேண்டுவதில்லை. தோழன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே எழுதியவருக்குத் தம் கருத்தின் இடைவெளி வெளிப்படும். பின்னர் ஆசிரியர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: இம்முறை எப்பொழுதும் சரியான விடையையே தருமென்று எதனால் சொல்கிறாய்? இது என்றேனும் முடியுமென்று எதனால் சொல்கிறாய்? வினாத்தாள் அமைப்போரும், 252-க்கும் 105-க்கும் மீப்பெரு பொதுக் காரணி யாது என்பதற்கு அளிக்கும் மதிப்பெண்ணைப் போல இரு மடங்கை இக்கேள்விகளுக்கு அளிக்க முன்வந்தால், இயலின் பெயர் எதுவாயிருப்பினும், அது புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் இருப்பினும், உபாத்தியாயர்கள் அதற்கு வேண்டிய நேரத்தைத் தாமே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.